வாயின் கணக்கும் நாளின் கணக்கும்

(ராகலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செம்மை செய்யப்பட்டது.)



கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளின் வாய்ச் சுகாதாரம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எப்படிப் பல் துலக்க வேண்டும், எதைத் தின்னக்கூடாது என்று சொல்ல இந்த மாவட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகவே சொல்கிறார்கள். நான் பேச வந்தது அளவை பற்றி. ஒரு பிள்ளையின் வாயில் நோய் எவ்வளவு இருக்கிறது என்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணி வருகிறோம். அந்த நோய் அந்தப் பிள்ளையின் நாளிலிருந்து எவ்வளவைப் பறிக்கிறது என்பதை நமது சுகாதாரப் பதிவேடுகள் எண்ணுவதில்லை. சாப்பாடு, தூக்கம், பாடம், சிரிப்பு, நண்பர்களோடு பேச்சு ஆகியவற்றில் வாய் ஏற்படுத்தும் இழப்பைப் பிள்ளையிடமே கேட்டு அளந்து, அதைப் பல் வைத்தியரின் எண்ணிக்கையோடு சேர்த்து வைத்தால்தான், தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் யாருக்கு முதலில் சிகிச்சை வேண்டும் என்பதைச் சரியாக முடிவுசெய்யலாம். நான் நிறுவ விரும்பும் கருத்து இவ்வளவுதான்.

1. பல்லை எண்ணும் கணக்கு

1930களின் இறுதியில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரின் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்த க்ளைனும் பாமரும் ஓர் எளிய எண்ணை உருவாக்கினார்கள். சூத்தையான பற்கள், சூத்தையால் இழந்த பற்கள், சூத்தை அடைக்கப்பட்ட பற்கள் மூன்றையும் கூட்டினால் வரும் தொகை அது. உலகம் முழுவதும் இன்றுவரை வாய்ச் சுகாதாரம் என்றால் முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான். 12 வயதில் அதன் சராசரி 3ஐத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் உலகப் பல் மருத்துவர் கூட்டமைப்பும் 1981இல் ஓர் இலக்கு வைத்தன. 2000ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டிய இலக்கு. இலங்கையின் 1983–84 தேசிய ஆய்வில் 12 வயதினரின் சராசரி 1.9. 1994–95இல் 1.4. 2002–03இல் 0.9. 2015–16இல் 0.6. அதாவது இலக்கு வைத்த காலத்திலேயே நாம் அதற்குள் இருந்தோம்; அதன் பிறகும் தொடர்ந்து இறங்கி வந்திருக்கிறோம். இந்த இறக்கம் உண்மையான சாதனை. பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவையும் புளோரைட் கலந்த பற்பசையும் அதில் பெரிய பங்கு வகித்தன. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு விளங்குவதற்காக இரண்டு பிள்ளைகளை நானே அமைத்துச் சொல்கிறேன். ஒருத்திக்குக் கடைவாய்ப் பற்கள் மூன்று சூத்தையாகி, மூன்றும் காலத்தோடு அடைக்கப்பட்டுவிட்டன. அவளுடைய எண் 3. இன்னொருவனுக்கு ஒரே ஒரு பல்தான் சூத்தை. ஆனால் அது நரம்புவரை போய், வேரடியில் சீழ் கட்டியிருக்கிறது. அவனுடைய எண் 1. ஏட்டில் அவன் அவளைவிட மூன்று மடங்கு நலமானவன். அவள் வலது பக்கத்தாலும் இடது பக்கத்தாலும் ரொட்டியைக் கடித்துத் தின்றுவிட்டுப் பாடசாலைக்குப் போகிறாள். அவன் ரொட்டியைப் பிளேன்டீயில் ஊறவைத்து ஒரு பக்கமாக மென்று விழுங்குகிறான். அடைத்த பல்லுக்கும் அழுகும் பல்லுக்கும் ஒரே மதிப்புப் போடும் எண், நோய் வந்து போன வரலாற்றைச் சொல்லும். பிள்ளையின் இன்றைய நிலையைச் சொல்லாது. மழைமானி எவ்வளவு மழை பெய்தது என்று சொல்லும், எந்த லயத்துக் கூரை ஒழுகியது என்று சொல்லாது என்பதைப் போன்றது இது.

இந்தக் குறையின் ஒரு பகுதியைப் பல் மருத்துவர்களே உணர்ந்து திருத்த முயன்றிருக்கிறார்கள். சராசரிக்குள் மோசமான மூன்றில் ஒரு பங்கினர் மறைந்துபோகிறார்கள் என்பதால், அந்தப் பங்கினருக்குத் தனிச் சராசரி எடுக்கும் முறையை சுவீடனின் ப்ராட்ஹால் 2000ஆம் ஆண்டளவில் முன்வைத்தார். பிலிப்பைன்ஸில் பணிபுரிந்த மோன்சே, பென்சியன் முதலானோர், கவனிக்காமல் விட்ட சூத்தை நரம்பைத் தொட்டதா, சீழ் கட்டியதா, வாய்ப்புண் ஆக்கியதா என்று எண்ணும் ‘பூஃபா’ என்ற குறியீட்டை 2010இல் வெளியிட்டார்கள். இரண்டும் பயனுள்ளவை. இரண்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

2. பூண்டுலோயாவில் நடந்தது

இது நமது மலைகளைப் பற்றிய செய்தி என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டும். உலகத்தில் எந்த நாட்டுப் பல் மருத்துவ மாணவரைக் கேட்டாலும் ‘இலங்கைத் தேயிலைத் தொழிலாளர் ஆய்வு’ என்றால் தெரியும். நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் பூண்டுலோயாவின் டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய வயது 14 முதல் 31 வரை. பற்தூரிகை, பற்பசை என்ற வழக்கமோ பல் வைத்தியமோ அவர்களுக்கு இருக்கவில்லை. முரசு (ஈறு) நோயைத் தடுக்காமலும் சிகிச்சை செய்யாமலும் விட்டால் அது இயல்பாக எப்படி முற்றும் என்று அறிவதே நோக்கம். 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப அளந்தார்கள். கடைசிப் பரிசோதனையில், முதல் ஆண்டு முதற்கொண்டு இருந்தவர்கள் 161 பேர். 1986இல் வெளிவந்த முடிவு புகழ்பெற்றது: ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்து முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்குத் தொடக்க நிலையைத் தாண்டவேயில்லை. முரசு நோய் எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை என்ற, இன்றைய பல் மருத்துவத்தின் அடிப்படை அறிவுகளில் ஒன்று நமது மலைகளிலிருந்து கிடைத்தது. 2010இல் எஞ்சியிருந்தவர்களில் 75 பேரை மீண்டும் பரிசோதித்து, நாற்பது ஆண்டுக் கணக்கை 2017இல் வெளியிட்டார்கள்.

அந்த ஆய்வை இன்றைய நெறிமுறைக் கண்ணால் பார்த்துக் கேள்வி எழுப்புவோர் உண்டு. அந்த விவாதம் தேவையானது. ஆனால் இன்றைய என் பொருள் அதுவல்ல. ஆய்வின் அளவுகோலையே நான் சுட்டிக்காட்டுகிறேன். முரசு பல்லை விட்டு எத்தனை மில்லிமீற்றர் விலகியது என்பது ஒவ்வொரு பல்லாக, ஒவ்வொரு பரிசோதனையிலும் பதிவாகியிருக்கிறது. விரைந்து முற்றிய குழுவினருக்கு 45 வயதில் சராசரி 13 மில்லிமீற்றர் அளவுக்கு அந்த விலகல் இருந்தது என்பதை உலகம் அறியும். பல் ஆடத் தொடங்கிய இளைஞன் எதைத் தின்பதை விட்டான், எந்த வயதில் வாயை மூடிச் சிரிக்கப் பழகினான், முரசில் சீழ் வைத்த நாட்களில் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போனானா என்பவை அந்தப் புகழ்பெற்ற முடிவுகளில் ஓர் எண்ணாக வரவில்லை. ஆய்வாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1970இல் அதை எண்ணும் கருவி எவர் கையிலும் இல்லை. 14 வயதுப் பையன்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து இளைஞரின் வாய் உலகத்திலேயே மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட வாய்களில் ஒன்று. அவர்களுடைய நாள் அளக்கப்படவே இல்லை.

3. நாளை எண்ணும் கணக்கு

கருவி இப்போது இருக்கிறது. 1988இல் கனடாவின் டேவிட் லோக்கர், நோயிலிருந்து வலிக்கும், வலியிலிருந்து இயலாமைக்கும், இயலாமையிலிருந்து வாழ்வின் இழப்புக்கும் போகும் படிகளைப் பிரித்துக் காட்டினார். அந்த அடித்தளத்தின் மேல் பல வினாக்கொத்துகள் எழுந்தன. 11 முதல் 14 வயதினருக்காக டொராண்டோவில் 2002இல் 37 வினாக்கள் கொண்ட ஒன்று உருவானது. பிறகு அது 16ஆகவும் 8ஆகவும் சுருக்கப்பட்டது. நமக்கு அதைவிடப் பொருந்துவது தாய்லாந்தில் பிறந்த கருவி என்பது என் கருத்து. 1990களில் அதுல்யனோனும் லண்டன் பேராசிரியர் ஆப்ரி ஷெய்ஹாமும் வளர்ந்தவர்களுக்காக அதை அமைத்தார்கள். கெருன்போங், சாக்கோஸ், ஷெய்ஹாம் ஆகியோர் 2004இல் அதைப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். தாய்லாந்தில் வளர்ந்தவர்களுக்கான வடிவத்தை முதன்முதலில் பயன்படுத்திய இடம், பல் நோய் குறைவு என்று எண்ணப்பட்ட ஒரு மக்கள் தொகுதி. அங்கேயே ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், வாயினால் தங்கள் அன்றாடச் செயல் ஏதாவது ஒன்று கெட்டதாகச் சொன்னார்கள். பின்னர் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டபோது பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அப்படிச் சொன்னார்கள். அதிகம் கெட்டது சாப்பாடு. சராசரி எண் சிறியதாக இருந்தும் நாளின் இழப்பு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு இது போதிய சான்று. 0.6 என்ற எண்ணோடு நிம்மதியடையும் நாட்டுக்கு இது நேரே பொருந்தும்.

கருவி வேலைசெய்யும் விதம் எளிது. வாயில் வரக்கூடிய தொல்லைகளை முதலில் பிள்ளைக்கு எடுத்துக்காட்டி, கடந்த மூன்று மாதத்தில் தனக்கு எவை இருந்தன என்று கேட்கிறார்கள். பிறகு எட்டுச் செயல்கள்: சாப்பிடுவது, பேசுவது, வாயைச் சுத்தம் செய்வது, தூங்குவது, பல் தெரியச் சிரிப்பது, மனம் நிலையாக இருப்பது, படிப்பது, மற்றவர்களோடு பழகுவது. ஒவ்வொன்றிலும் தடங்கல் எவ்வளவு அடிக்கடி வந்தது, வந்தபோது எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை புள்ளி. இரண்டையும் பெருக்க வேண்டும். ஒரு செயலுக்கு அதிகபட்சம் 9, எட்டுக்கும் 72. நான் முன்பு அமைத்த பையனுக்குத் திரும்புவோம். சாப்பிடும்போது வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் வலி, நடுத்தரக் கடுமை: மூன்றை இரண்டால் பெருக்க 6. வாரத்தில் ஒன்றிரண்டு இரவு தூக்கம் போகிறது, கடுமையாக: 6. அந்த இரவுகளுக்கு அடுத்த நாள் பாடம் ஏறவில்லை: 4. தை மாதக் குளிரில் பீலித் தண்ணீர் பல்லில் பட்டால் கூசுகிறது, அதனால் அந்தப் பக்கம் பிரஷ் போகாமல் விட்டுவிடுகிறான். நாள்தோறும் நடக்கிறது, கடுமை குறைவு: 3. மொத்தம் 19, நூறுக்கு 26. மூன்று பல் அடைத்த பெண்ணுக்குப் பூச்சியம். ஏட்டில் 1ம் 3ம் ஆக நின்றவர்கள் இப்போது இடம் மாறிவிட்டார்கள். முதலில் நாற்காலியில் உட்கார வேண்டியவர் யார் என்பதில் இனிச் சந்தேகமில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு தடங்கலுக்கும் எது காரணம் என்று பிள்ளை சொல்வதையும் இந்தக் கருவி குறித்துக்கொள்கிறது. வலியா, முரசில் இரத்தமா, பல்லின் நிறமா, வரிசை கோணலா என்று தெரிந்தால், அந்தப் பாடசாலைக்கு முதலில் அனுப்ப வேண்டியது சூத்தை அடைப்பவரையா, முரசைச் சுத்தம் செய்பவரையா என்பதும் தெரியும்.

4. எழக்கூடிய மறுப்புகள்

பிள்ளைகள் சொல்வதை நம்பலாமா என்பது முதல் மறுப்பு. மிகைப்படுத்துவார்கள், வகுப்பைத் தவிர்க்கக் காரணம் தேடுவார்கள் என்கிறார்கள். பெற்றோரைக் கேட்கலாமே என்றும் ஒரு யோசனை வருகிறது. விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பிரட்டுக்குப் போகும் தாய், பதின்மூன்று வயது மகன் எந்தப் பக்கமாக மென்றான் என்பதைப் பார்ப்பதில்லை. அந்த வயதுப் பிள்ளை தன் வெட்கத்தை வீட்டில் சொல்வதும் இல்லை. மிகை என்ற அச்சத்தைவிட எனக்குப் பெரிய அச்சம் இதன் எதிர்ப்பக்கம். பல் வலி எல்லோருக்கும் வருவதுதான், கராம்பு வைத்தால் போகும், பனடோல் போட்டால் போகும் என்று வளர்ந்த பிள்ளை, ‘பிரச்சினை ஏதும் உண்டா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே சொல்லும். எதிர்பார்ப்புக் குறைந்த இடத்தில் குறைபாடும் குறைந்து தெரியும். தோட்டத்துப் பிள்ளையின் புள்ளி நகரத்துப் பிள்ளையின் புள்ளியைவிடக் குறைவாக வந்தால், அதை நலம் என்று வாசித்துவிடும் ஆபத்து இருக்கிறது. இந்த மறுப்பு கனமானது. முழுமையாகத் தீர்க்க முடியாதது. ஆனாலும் இரண்டு வழியில் அதைக் கட்டுப்படுத்தலாம். உணர்வைக் கேட்காமல் செயலைக் கேட்க வேண்டும்: எந்தப் பக்கம் மெல்லுகிறாய், போன வாரம் இரவில் எழுந்தாயா, வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் வாய்க்கு முன் கையை வைக்கிறாயா. அதோடு பல் வைத்தியரின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். சீழ் கட்டிய பல் வாயில் இருந்தும் புள்ளி பூச்சியமாக வந்தால், அந்தப் பூச்சியமே ஒரு செய்தி. ஒரு கணக்கை எடுத்துவிட்டு மற்றதை வைக்கச் சொல்லாமல் இரண்டையும் சேர்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது மறுப்பு, சிரிப்பும் வெட்கமும் அழகு சம்பந்தப்பட்டவை, அவற்றைச் சுகாதாரக் கணக்கில் ஏற்றுவது ஆடம்பரம் என்பது. நான் இதை ஏற்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கும் வேலைக்கான நேர்முகத்துக்கும் போக வேண்டிய வயதில், வாயைத் திறக்கக் கூசும் பிள்ளை இழப்பது சிறிதல்ல. மேலும், இந்த அளவை தேவையில்லாத செலவைக் கூட்டும் என்று அஞ்சுவோர் ஷெய்ஹாம் குழுவினரின் முடிவைப் பார்க்க வேண்டும். பல் வரிசையை நேராக்கக் கம்பி போட வேண்டும் என்று வைத்தியர் குறித்த பிள்ளைகளில், அதனால் வாழ்க்கை தடைப்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுத்தபோது, தேவை பெருமளவு குறைந்தது.

மூன்றாவது மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வரக்கூடியது. தோட்டத்துப் பிள்ளை பாடத்தில் பின்தங்குவதற்கு வறுமை, சத்துக்குறைவு, லயத்து நெரிசல், தூரம் என்று ஆயிரம் காரணம் இருக்க, பல்லைப் பிடித்துக்கொள்வானேன் என்பார்கள். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 சதவீதம், தோட்டத்துறையில் 32 சதவீதம். இதற்குப் பக்கத்தில் பல் வலி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. பிலிப்பைன்ஸில் 12 வயதினரிடம் செய்த ஆய்வில், சிகிச்சை பெறாத முற்றிய சூத்தைக்கும் உடல் எடைக் குறைவுக்கும் தொடர்பு தெரிந்தது. மென்று தின்ன முடியாதவனுக்குக் கிடைக்கும் கொஞ்சச் சத்தும் உள்ளே போவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2011இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. வாய்ச் சுகாதாரம் மோசமான பிள்ளைகள் பல் வலியால் பாடசாலைக்கு வராமல் போவது மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. வலியால் வராதவர்களுடைய படிப்பு கெட்டது. வழக்கமான பல் பரிசோதனைக்காக வராதவர்களுடைய படிப்பு கெடவில்லை. அதாவது இழந்த நாளைவிட வலியே கெடுத்தது. வறுமையை மாற்றத் தலைமுறை ஆகும். ஒரு பல்லைச் சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போதும். அந்தப் பிள்ளையின் பாடச் சுமையில் இன்றைக்கே இறக்கக்கூடிய பங்கு எது என்று அறிவது வறுமையை மறைப்பதாகாது.

சிகிச்சை செய்ய ஆள் இல்லாத இடத்தில் அளந்து என்ன பயன் என்பது நான்காவது மறுப்பு. நால்வரிலும் நான் மிகவும் மதிப்பது இதைக் கேட்பவரைத்தான். ஆள் போதாமையே அளக்க வேண்டியதற்கு வலுவான காரணம். எல்லோருக்கும் செய்ய முடிந்தால் வரிசை வைக்கத் தேவையில்லை. ஆனால் கேட்டுவிட்டுக் கைவிடுவது கேட்காமல் இருப்பதைவிடக் கொடியது. பிள்ளையை எங்கே அனுப்புவது என்று எழுதி வைக்காமல் ஒரு வினாவும் கேட்கக்கூடாது.

5. இங்கே செய்ய முடிவது

நியூசிலாந்தின் முறையைப் பின்பற்றி 1950களில் தொடங்கிய நமது பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை, 3 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதற்குப் பிறகு பிள்ளை அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம், வழிதான் இலவசமில்லை. வலப்பனை வீதியில் பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று திரும்புவதற்குள் தாய்க்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடுகிறது. எனவே 13க்கும் 19க்கும் இடையில், வெட்கமும் பரீட்சையும் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், பல் சிகிச்சைக்காகப் பிள்ளையை எவரும் தேடி வருவதில்லை. வலி தாங்காத அன்றுதான் போகிறான். அன்று பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதே மிஞ்சுகிறது.

புதிய ஏற்பாடு எதுவும் இல்லாமலே தொடங்கலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கிறது. 7ஆம் தரம் ஏறத்தாழ 12 வயது, 10ஆம் தரம் 15 வயது. உலக ஆய்வுகள் பல் எண்ணிக்கைக்குத் தேர்ந்தெடுக்கும் வயதுகளில் இவையும் உண்டு. அந்த இரண்டு தரங்களிலும் எட்டு வினாக்களைச் சேர்க்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. வினாக்கள் இங்குள்ள பிள்ளையின் நாளிலிருந்து எடுக்கப்பட வேண்டும்: ரொட்டி, பீலித் தண்ணீர், மேட்டு வழியில் குளிர்காற்று வாயில் படுவது, வகுப்பில் எழுந்து வாசிப்பது. சிங்களத்தில் சரிபார்த்ததையோ சென்னையில் அச்சிட்டதையோ அப்படியே பயன்படுத்தக்கூடாது. ஒரு பாடசாலையில் ஒரே பிள்ளைகளிடம் இரு வார இடைவெளியில் இரு தடவை கேட்டு, விடை நிலையாக வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றப் பாடசாலைகளுக்குப் போக வேண்டும். பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் இத்தகைய சரிபார்ப்பில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் வகுப்பாசிரியராக இருக்கக்கூடாது. வெற்றிலை, பாக்கு போடும் பழக்கம் இருக்கும் பிள்ளை ஆசிரியர் முன்னால் வாயைத் திறக்காது. புள்ளி உயர்ந்த பிள்ளையும், சீழ் கட்டியும் புள்ளி வராத பிள்ளையும் ஒரே பட்டியலில் முதலில் வர வேண்டும். அந்தப் பட்டியலுக்காக மாதத்தில் ஒரு நாளைப் பற்சிகிச்சை நிலையம் ஒதுக்க, பாடசாலையே பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப் போனால், தாயின் பேரும் போகாது.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன். முதல் ஆண்டு அளந்து, சிகிச்சை கொடுத்து, அடுத்த ஆண்டு அதே பாடசாலையில் அளக்கும்போது, சிகிச்சை பெற்றவர்களின் புள்ளி இறங்கினாலும் மொத்தப் புள்ளி ஏறக்கூடும். பக்கத்து இருக்கைப் பையன் இரண்டு பக்கமும் மென்று தின்பதைப் பார்த்த பிறகுதான், தன் வலி எல்லோருக்கும் வருவதல்ல என்று மற்றப் பிள்ளைக்குத் தெரியும். அதுவரை ‘இல்லை’ என்று சொன்னவன் அப்போதுதான் ‘ஆம்’ என்பான். அந்த ஏற்றத்தைத் தோல்வி என்று எழுதி வேலையை நிறுத்திவிடாமல் இருக்க, முதல் ஆண்டிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பல் எண்ணிக்கையும் நாள் புள்ளியும் ஒரே தாளில், அடுத்தடுத்த கட்டங்களில் பதிவாகியிருக்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்வரை, எந்த அதிகாரியும் எந்த முடிவையும் அறிவிக்கக்கூடாது.